அம்மணிகிட்டச் சொல்லுங்க மாப்ளே

கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர் மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இதில் நீங்கள் நிறைய இருக்கிறீர்கள். வெளியே வாருங்கள்."

பிறந்த வீட்டு நிலத்தில் பெண்ணுக்குப் பாகம் வேண்டும் என்று வாதாடி ஒரு கட்டுரை கேட்டவர் அவர்தான். கேட்டதை எழுதிக் கொடுத்தால் வெளியே போகச் சொல்கிறார். போன் போட்டேன்.

"மேடம், இது உங்க கவிதை இல்லீங்க. படிக்கறவன் நம்போணும். நீங்க அழுதீங்கன்னா அவன் பக்கத்தைத் திருப்பிருவான். நான், எனக்கு, எங்கண்ணன், எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க. மூணாவது ஆள் ஒருத்தர் எட்ட நின்னு சொல்ற மாதிரி இருக்கட்டும்."

எட்ட நின்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெருப்பு என் வீட்டுக் கூரையில். எட்ட நின்று அதன் நிறத்தை வர்ணிக்க வேண்டுமாம்.

விஷயம் இதுதான். அப்பா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சூலூருக்கு அந்தப் பக்கம் அவர் பேரில் இருந்த தென்னந்தோப்பை, மனை பிரித்து விற்கிறவர்களுக்குக் கொடுப்பதாக அண்ணன் பேசி முடித்துவிட்டார். என் பாகத்தை நான் விட்டுக்கொடுத்ததாக ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது மட்டும்தான் பாக்கி. நான் போடவில்லை. வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பட்டு, மாலை, பழத்தட்டுகள், முன்னால் மேளம். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவர் சொல்லியனுப்பிவிட்டார்: கையெழுத்து இல்லையென்றால் சீர் இல்லை.

சொல்லியனுப்பியது போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கே வந்தார். கூடத்தில் என் கணவருக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பக்கத்து நாற்காலியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தேன்.

"ஏனுங்க மாப்ளே, அம்மணிக்கு நாங்க என்னங்க கொறை வெச்சோம்? நகை போட்டுக் கல்யாணம் செஞ்சுபோட்டோம். தலப்பிரசவம் பாத்தோம். கொழந்தைய எம்பட மடியில வெச்சுத்தானுங்க காது குத்துனோம். ஆடி, தீவாளின்னு ஒரு நோம்பி உட்டமுங்களா?"

"இல்லீங்க மச்சான்" என்றார் கணவர். அவருக்கு எந்தச் சண்டையிலும் முதல் வேலை தன் சட்டைப் பொத்தானைப் பார்ப்பதுதான்.

"அப்பறம் எதுக்குங்க பாகம்? அம்மணி அந்த மாதிரிப் புள்ளையே இல்லீங்க. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க."

"நான் இங்கதானுங்கண்ணா உக்காந்திருக்கறேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "பாத்தீங்களா மாப்ளே, கோவம் வந்துருச்சு. அம்மணிகிட்டச் சொல்லுங்க. பொறந்த ஊடுன்னு ஒண்ணு வேணுமா, தென்ன மரம் வேணுமான்னு யோசிக்கச் சொல்லுங்க."

எங்கள் ஊரில் குத்தும்போதும் 'ங்க' போட்டுத்தான் குத்துவோம். ரத்தம் வருவதற்குள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுவோம். அன்று அண்ணன் போகும்போது தோப்பிலிருந்து கொண்டுவந்த இளநீர்க் குலையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டுப் போனார். என் மரத்து இளநீரை எனக்குத் தானமாக.

அந்த மத்தியானம் வீட்டுக்குள் கூண்டுப் பூனையாக நடந்தேன். நடக்க நடக்கத்தான் தெரிந்தது. ஆசிரியர் கேட்ட கட்டுரையை அண்ணன் இப்போதுதான் என் கூடத்தில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். கத்தல் இல்லை, அழுகை இல்லை. நான் ஒரு 'அம்மணி'. அந்த அம்மணிக்கு எது நல்லது என்று இரண்டு ஆண்கள் எட்ட நின்று பேசுகிறார்கள். எவ்வளவு எடுபடுகிறது! என் கணவரே பாதி நம்பிவிட்டார். நான் வயதுக்கு வந்த நாள் முதல் இந்தக் கட்டுரையைத்தான் வெவ்வேறு வாய்களில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். படிக்கப் போகட்டுமா, வேலைக்குப் போகட்டுமா, எவனுக்குக் கொடுக்கலாம். எல்லாம் நான் இருக்கும்போதே, நான் இல்லாததுபோல.

சரி. அதே குரலில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு 'நான்' போகும்போதும் பல் பிடுங்கிய இடம்போல ஒரு குழி. நாக்கு திரும்பத் திரும்ப அங்கேயே போயிற்று. அன்றைய இளநீரை உள்ளே விடவில்லை, கணவரின் பொத்தானை எடுத்தேன், அப்பா மோட்டார் போட விடியற்காலையில் எழுந்து போகும் செருப்புச் சத்தத்தை எடுத்தேன். அது போனபோது மட்டும் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மிச்சம் இருந்தது வாதம். அதன் எலும்பு தெரிந்தது. அண்ணன் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே, அவரைவிட அழகாக முதலில் வைத்தேன். பிறகு எழுதினேன்:

"சீர் செய்த பிறகு பாகம் எதற்கு என்று கேட்பவர்களிடம் அன்பு இல்லை என்று சொல்ல முடியாது. சகோதரர் சேலை எடுத்துத் தருகிறார், தங்கை மகிழ்கிறாள். ஆனால் தரவும் நிறுத்தவும் ஒருவர் கையிலேயே இருப்பது உரிமை ஆகாது. கையெழுத்துக் கிடைக்காவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று சொல்லக்கூடிய சீர், எப்போதும் அந்தக் கையெழுத்தின் விலையாகவே இருந்திருக்கிறது."

படித்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. என் கண்ணீர்க் கட்டுரையில் இல்லாத கொடூரம் இதில் இருந்தது. சந்தோஷமாக இருந்தது.

பத்திரிகையில் வந்தது. எழுதியவள் என்று என் பேர் தவிர, உள்ளே பேர் இல்லை, ஊர் இல்லை. அதனாலேயே ஆளாளுக்குத் தங்கள் பேரைப் போட்டுப் படித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். பெரியப்பா மகள் ஒருத்தி கைதட்டுகிற படம் வைத்து, உடனே அழித்தாள். ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதெல்லாம் அண்ணனிடம்.

அந்த வாரமே அண்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. கையில் போன்.

"மாப்ளே, இதுல சகோதரர், சகோதரர்னு வருதே, அது ஆருங்க?"

"பொதுவா எழுதியிருக்குதுங்க மச்சான்."

"பொதுவா! எம்பட தறிக்கு நூல் கொண்டு வர்ற டிரைவர் கேக்கறானுங்க, 'ஏனுங்க, தங்கச்சி பொண்ணுக்குச் சீரு உண்டுங்களா, இல்லீங்களா'ன்னு. கோயில்ல கேக்கறாங்க. முடி வெட்டற எடத்துல கத்தரிய நிறுத்திட்டுக் கேக்கறானுங்க! எம்பட கழுத்து அவன் கையில இருக்கறப்ப என்னங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதையும் கணவரிடம் புகார் செய்தார். "சிரிக்குதுங்க பாருங்க."

நான் எழுந்து அவருக்கும் கணவருக்கும் நடுவில் நின்றேன். "கையெழுத்துப் போட மாட்டேனுங்கண்ணா. சீர் உங்க இஷ்டமுங்க."

அதற்குள் சரவணம்பட்டி ஆபீஸிலிருந்து மகள் வந்து, தோள் பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, நீங்க வரலீன்னாலும் பரவால்லீங்க. மாலை நாங்களே வாங்கிக்கறோம்."

அண்ணனின் முகம் கறுத்தது. "கொழந்தையையும் கெடுத்துப்போட்டா மாப்ளே" என்றார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுத்தான் போனார்.

அவள் பரவாயில்லை என்றாளே தவிர, அன்று சாப்பிடவில்லை. "கட்டுரை நல்லாத்தான்ம்மா இருக்குது. எம்பட கல்யாணம் முடிஞ்சு எழுதியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கல்யாணம் முடிந்தால் சீரை வைத்து மிரட்ட முடியாது. மிரட்டாவிட்டால் எழுத என்ன இருக்கிறது என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

கல்யாணத்தன்று விடிகாலையில் மண்டபத்துக்கு வெளியே மேளம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் மேளம் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அண்ணன். புது வேட்டி, பின்னால் தட்டுகள், தட்டுகள், தெருவை அடைத்துக்கொண்டு தட்டுகள். எங்கள் சொந்தத்தில் யாரும் இவ்வளவு கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. உறவு முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தட்டையும் கேமராவுக்குக் காட்டித்தான் இறக்கினார்.

நான் எழுதியதைப் பொய்யாக்க வந்திருந்தார். கட்டுரை அவரை அசைத்துத்தான் இருக்கிறது. நான் தள்ளிய திசையில் இல்லை. சீர் பாகத்துக்கு ஈடாகாது என்று எழுதினேன். ஈடாகிற அளவுக்குச் சீரை வாரிக்கொண்டு வந்துவிட்டார்.

மகளின் கழுத்தில் மாலை போட்டபோது, அதில் சிக்கிய அவள் முடியை அவர் மெதுவாக எடுத்துவிட்டதைப் பார்த்தேன். அதற்காக நான் இளகவில்லை. மேடையை விட்டு இறங்கும்போது என் அருகில் நின்றார். பல மாதங்களில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"இதையும் எழுதிக்கோ கண்ணு."

"எழுதறேனுங்கண்ணா. பாகம் எப்பங்க தருவீங்க?"

அண்ணன் என்னைத் தாண்டி, சந்தனக் கிண்ணத்தோடு நின்ற கணவரைப் பார்த்தார். "பந்தி போட்டாச்சுங்களா மாப்ளே?"

கல்யாண விருந்துகள் முடிந்ததும் பாகப் பிரிவினைக்கு வழக்குப் போட்டேன். தோப்பை இன்னும் யாரும் வாங்கவில்லை.