டிரெய்லருக்கு அடித்த கிரீஸ்

எங்கள் பெரியப்பாவுக்கு டிராக்டரைவிட அது இழுத்துப்போகும் டிரெய்லர் மேல்தான் பாசம். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கழுவி, சக்கரங்களுக்கு கிரீஸ் அடித்து, கற்பூரம் காட்டுவார். கிரீஸ் பிதுங்கி வழிந்தால்தான் அவருக்குத் திருப்தி. வண்டியை ஓட்டுவது என்னவோ என் அப்பா.

அந்த வருஷம் கரும்பு வெட்டு தொடங்கியதிலிருந்தே டிரெய்லருக்கு பிரேக் பிடிக்கவில்லை. மெக்கானிக் சக்கரத்துக்குள் புது பிரேக் ஷூ மாற்றினால் சில நாள் நிற்கும். பிறகு பழையபடி லோடு டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். பெரியப்பா மெக்கானிக்கைத் தெருவில் நிறுத்தித் திட்டுவார். அப்பா வாயே திறக்க மாட்டார். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா பேசுவாள், ஆனால் என் வழியாக. கணவனின் அண்ணனோடு நேரில் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "பிரேக் சரியாவாம வண்டிய எடுக்கக் கூடாதுன்னு பெரியப்பாகிட்ட சொல்லுடி" என்பாள். அது காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா, "லோடு நின்னுபோனா யாரு பதில் சொல்றதுன்னு உங்கம்மாவ கேளு" என்பார். எனக்குப் பெருமை தாங்காது. இருவர் கோபத்தையும் அப்படியே நடித்துக் காட்டுவேன்.

ஒருநாள் செல்லிப்பட்டு ஆற்று இறக்கத்தில் லோடு தள்ளி, டிராக்டர் வாய்க்காலுக்குள் போய்விட்டது. அப்பா கையில் கட்டுடன் வீடு வந்தார்.

வாசலுக்கு இழுத்து வந்த டிரெய்லரின் சக்கரத்தை மெக்கானிக் கழற்றினார். உள்ளே ஷூவெல்லாம் கிரீஸ்.

"இம்மாம் கிரீஸ் அடிச்சா உள்ள இருக்கற ரப்பர் சீல தள்ளிக்கினு ஷூ மேல வந்துடும்பா. அப்புறம் எப்புடி பிரேக் புடிக்கும்?"

அப்பா அப்போதும் தலை குனிந்துகொண்டார்.

அம்மா கதவைத் தாண்டி வந்தாள். உள்ளே கைவிட்டு கிரீஸை வழித்து, பெரியப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க பாருங்க. அவரு பொணமா வந்திருந்தா அந்தக் கற்பூரத்த எங்க ஏத்தியிருப்பீங்க?"

பெரியப்பா வழக்கம்போல என்னைப் பார்த்தார். "உங்கம்மாகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"அவள இன்னாத்துக்குப் பாக்கறீங்க? என்னப் பாத்துப் பேசுங்க."



கரும்பு வெட்டு முடிவதற்குள் வீட்டில் அடுப்பு இரண்டானது. டிராக்டரும் டிரெய்லரும் பெரியப்பா பங்குக்குப் போயின. அப்பா கூலிக்கு வேறு வண்டி ஓட்டப் போனார். ஒரு கை கிரீஸுக்காகவா வீடு பிரியும் என்று எனக்கு ஆத்திரம். அதுவும் அம்மா மேல். பல நாள் அவளோடு நான் பேசவில்லை. பசித்தால்கூட, "சோறு போடச் சொல்லுங்கப்பா" என்று அப்பாவிடம்தான் சொல்லி அனுப்பினேன்.