பைன் மரத்துக்குப் பின்னால் ஒரு ஷூ

சியோல் நகரத்தின் நடுவில், மெட்ரோவில் இறங்கி நடக்கிற தூரத்தில் ஒரு புனித மலை. இன்று மகள் அழைத்துப் போனாள்.

மேலே ஒரு கோயில். கூட்டமில்லை, தேங்காய்க் கடையில்லை, செருப்புக்கு டோக்கன் தருகிற ஆளும் இல்லை. இவ்வளவு அமைதி எனக்குச் சரியாகப் படவில்லை.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கோயில் வாசலில் புதுச் செருப்பைப் பறிகொடுத்து, கொதிக்கிற தாரில் தாராவி வரை வெறுங்காலோடு நடந்தவன் நான். அன்றிலிருந்து ஜோடியைப் பிரித்துத்தான் வைப்பேன். ஒற்றைச் செருப்பை எவன் திருடுவான்?

இன்றும் ஒரு ஷூவைப் பைன் மரத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, நொண்டியடித்து வந்து மற்றதைப் படியில் விட்டேன்.

"எப்பா, இது பம்பாய் இல்ல. மானத்த வாங்காதீய" என்றாள் மகள்.

கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இரண்டு ஷூவும் படியில் சேர்ந்து நிற்கின்றன. கால் நுழைக்க வசதியாக வெளிப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறது. முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைப் பார்த்துத் தலை குனிந்து சிரித்தார்.

"பாத்தியளா, என்ன தங்கமான ஆளுவ. இங்க இப்டித்தான் திருப்பி வப்பாவ" என்றாள் மகள்.

நானும் குனிந்து வணங்கினேன்.

நீங்களே சொல்லுங்கள். திருப்பி வைத்தது மரியாதை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்துக்குப் பின்னால் அந்த அம்மாவுக்கு என்ன வேலை?