பத்து மணி நேரம் அரைத்த மாவு

நம் வீட்டில் ஏன் ரேடியோ வாங்கவே இல்லை என்று நீங்கள் மூன்று பேரும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். இரைச்சல் எனக்கு ஆகாது என்று சொல்லி வைத்தேன். அது பொய்.

நான் எட்டாவது வரை படித்தவன். அறுபதுகளில் திண்டிவனத்தில் ஒரு சின்ன ஃபெரைட் பட்டறையில் வேலை பார்த்தேன். டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்தால் உள்ளே ஒரு கறுப்புக் குச்சி இருக்கும், அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். காற்றில் வருகிற அலையை இழுத்துக் கொடுப்பது அந்த ஃபெரைட் குச்சிதான், நாங்கள் செய்தது அதைத்தான். பார்த்தால் இரும்பு போலிருக்கும், கை தவறினால் ஓடு மாதிரி உடையும். காந்தம் அதில் ஒட்டும், ஆனால் கரண்ட் அதன் வழியே ஓடக்கூடாது. ஓடினால் அந்தக் குச்சி குப்பைக்குத்தான்.

இரும்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றின் தூளையும் கலந்து, தண்ணீர் விட்டு அரைத்து, காயவைத்து, அச்சில் அழுத்திச் சூளையில் சுடுவோம். அரைப்பது என் வேலை. சுடுவது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை என்ற ஊரிலிருந்து வந்த ஓர் அண்ணனின் வேலை. செங்கல் சூளையில் இருபது வருஷம் நெருப்புப் பார்த்தவர். சூளையின் துளை வழியே ஒரு கண்ணை வைத்து, நெருப்பின் நிறம் பார்த்துத்தான் சூளைக்குப் போகிற எண்ணெயை நிறுத்துவார். விழுப்புரத்திலிருந்து இருவரும் ஒரே ரயிலில் போய் வருவோம்.

"மாவுக்காரரே, உன்னைக் கட்டிக்கினவ குடுத்துவெச்சவபா. வூட்ல உரல் பக்கமே போவ வேணாம்" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்வார்.

அரைக்கிற உருளை இரும்பு, அதற்குள் உருளுகிற குண்டுகளும் இரும்பு. எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதே என்று இன்ஜினியர் முதல் நாளே சொல்லியிருந்தார். குண்டு தேய்ந்து மாவில் இரும்பு சேரும், எட்டு மணி நேரத்தில் சேருகிறதைக் கணக்குப் பண்ணித்தான் இரும்புத் தூளைக் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். மனசுக்குள், கரண்டை மிச்சம் பிடிக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

பெரியவள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்த சமயம் அது. பொங்கலுக்குள் என்னை நிரந்தரம் ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். என் மாவு எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உளுந்து அரைக்க அரைக்க மாவு பொங்கிவருவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அரைப்பதில் அதிகம் என்று ஒன்று உண்டு என்று தோன்றவில்லை. ஒன்பது மணிக்குப் போடவேண்டிய மோட்டாரை, முந்தின ரயிலைப் பிடித்து ஏழு மணிக்கே போய்ப் போட்டுவிடுவேன், சாயங்காலம் ஐந்து வரை பத்து மணி நேரம் ஓடும். யாரிடமும் சொல்லவில்லை. மாவு சந்தனம் போல வந்தது.

இரண்டு மாதத்தில் குச்சிகள் கெட ஆரம்பித்தன. வெளியே ஒரு குறையும் தெரியாது. மீட்டரை வைத்தால் முள் எழும்பும், கரண்ட் ஓடுகிறது. ரேடியோ கம்பெனிக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் குண்டுகளைக் கழுவித் தகர டப்பாவில் போட்டபோது கவனித்தேன். முன்பு விளிம்புவரை நிற்கும். இப்போது இரண்டு விரல் கீழே நின்றன. பெட்டியிலிருந்து ஒரு புதுக் குண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்ஜினியர் சொன்னது அப்போதுதான் புரிந்தது. தேய்ந்த இரும்பெல்லாம் மாவில்தான் போயிருந்தது.

மறுநாள் காலை முதலாளியும் இன்ஜினியரும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். சூடு மிஞ்சினால் துத்தநாகம் ஆவியாகப் பறந்துவிடும், அப்போதும் முள் இப்படித்தான் எழும்பும் என்றார் இன்ஜினியர். தான் எப்போதும் நிறுத்துகிற நிறத்தில்தான் நிறுத்தியதாக அண்ணன் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"மாவு சரியா அரைக்கிறியா?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணனே முந்திக்கொண்டார். "அவர் மாவுல குறை இருக்காதுங்க. காலைல முந்தின வண்டிக்கே ஓடியாந்துடுவாருங்க."

முந்தின வண்டியில் வந்து என்ன செய்கிறாய் என்று இன்ஜினியர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பவும்போலதான் சார்" என்றேன்.

அன்றைக்கே அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் புது ஆள் சூளைக்கு வந்தார். நான் குண்டுகளை மாற்றிக்கொண்டு எட்டு மணி நேரத்தோடு நிறுத்தினேன். குச்சிகள் நல்லபடி வந்தன. பார்த்தாயா, எல்லாம் நெருப்பில்தான் இருந்தது என்றார் முதலாளி. நான் நிறுத்தியதே அண்ணன்மேல் குற்றத்தை உறுதியாக்கிவிட்டது. பொங்கலுக்கு முன்பே என்னை நிரந்தரம் ஆக்கினார்கள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் காணைக்குப் போனேன். அண்ணன் யாருடைய வயலிலோ கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கேப்பைக் கூழ் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். ஊரில் செங்கல் சூளைக்குக் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"கூப்டுக்கினுதான் இருக்காங்க, நான்தான் போவல. கண்ணு ஏமாத்திடுச்சி தம்பி. இருவது வருசம் பார்த்த நெருப்பு, எனக்கே தெரியாம நெறம் மாறியிருக்குது. இன்னொருத்தன் கல்லையும் கெடுத்துட்டா?"

கூழ்ச் சட்டியைக் கையில் வைத்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும், அவருக்குக் கண் திரும்பக் கிடைத்திருக்கும்.

"புதுசா வந்தவன் நெருப்பு நல்லாக்கீதா?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்குண்ணே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். திரும்புகிற வழியில் ஒரு டீக்கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நிற்காமல் மிதித்தேன்.