நலங்கு மஞ்சளும் மூன்று லேப்டாப்புகளும்

என் நாத்தனாருக்குக் காமாலை வரவழைத்தவள் நான்தான். உடம்பில் இல்லை, கல்யாண ஆல்பத்தில்.

திண்டிவனத்தில் என் கணவர் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பார். வீட்டிலிருந்தபடி ஆல்பம் வடிவமைப்பது என் வேலை. அவர் தங்கையின் கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தோம். நலங்கில் அவள் கன்னத்தில் பூசிய மஞ்சள் என் லேப்டாப் திரையில் எடுபடவே இல்லை. மஞ்சள் தெரியாமல் என்ன நலங்கு என்று, நானே கொஞ்சம் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். திரையில் அவ்வளவு லட்சணமாக இருந்தாள். அச்சாகி வந்ததை அவசரத்தில் பிரித்துக்கூடப் பார்க்காமல் விழுப்புரத்தில் அவள் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், புத்திசாலி.

அங்கே கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் பிரித்திருக்கிறார்கள். கண்ணின் வெள்ளை முதற்கொண்டு மஞ்சள். “பொண்ணுக்குக் காமாலையா?” என்று யாரோ கேட்டுச் சிரிக்க, அவள் அழுதிருக்கிறாள். என் கல்யாணத்துக்கு ஆல்பமே போடவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் நான் வேண்டுமென்றே செய்ததாக முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. போன் செய்தால், “அண்ணன் இருக்காரா?” அவ்வளவுதான். எனக்கும் ரோஷம். ஆனால் அவள் அப்படி நினைத்தது உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது.

பிறகு அந்த லேப்டாப் அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. “கேம் ஆடுற லேப்டாப்பா வாங்கிடு, ஜல்தியா ஓடும்” என்றார் கணவர். ஓட்டம் யாருக்கு வேண்டும்? எனக்குத் திரைதான் பயம். கடைக்காரர் போடும் படத்தில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். அதனால் அந்தக் காமாலைப் பக்கத்தையே பென்டிரைவில் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க அச்சான ஆல்பமும் வேண்டும். ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

“ஆல்பத்த உங்க கையில தர மாட்டேன். நானே எடுத்துக்கினு வர்றேன்” என்றாள்.

விழுப்புரம் கடைக்கு ஆல்பத்தோடு வந்து நின்றாள். அங்கே மூன்று கேமிங் லேப்டாப்புகள் இருந்தன. மூன்றிலும் கார் பந்தயம் பறந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு நலங்குப் படத்தைத் திறந்தேன். முதலாவதில் திரையைக் கொஞ்சம் சாய்த்தாலே முகம் கறுத்தது, நிமிர்த்தினால் வெளுத்தது.

“நேரா உக்காந்து பாத்தா சரியாயிடும் மேடம்.”

“ஆடாம அசையாம உக்கார நான் என்ன சிலையா?”

இரண்டாவது பளபளப்பான திரை. படம் திறந்ததும் கடைக்காரர், “சூப்பர் மேடம்!” என்றார். கன்னத்தில் மட்டும் அளவாக மஞ்சள், வெள்ளைக் கண், கல்யாணக் களை. என் பழைய லேப்டாப்பில் பார்த்த அதே முகம். இதுவும் மஞ்சளை விழுங்கிவிடும் நீலம் பாய்ந்த திரைதான். வேண்டாம் என்றேன்.

மூன்றாவது பார்வைக்கு மங்கல், மினுக்கே இல்லை. படத்தைத் திறந்தேன். காமாலை! பதறிப்போய் நிறத்தை மாற்றக் கை நீட்டினார் கடைக்காரர்.

“கை வைக்காதீங்க! இதத்தான் தேடிக்கினு வந்தேன்.”

ஆல்பத்தை அவளையே பக்கத்தில் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். திரையை இப்படியும் அப்படியும் சாய்த்தேன். அதே மஞ்சள், அதே அசிங்கம். கடையில் நின்றபடியே சிரித்துவிட்டேன். என் தப்பை உள்ளபடி காட்டும் திரை கிடைத்துவிட்டது.

திரும்பினால் நாத்தனார் பக்கத்தில் இல்லை. இரண்டாவது லேப்டாப் முன்னால் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பொட்டியில நான் இப்படித்தான் தெரிஞ்சேனா?”

“இதே மாதிரிதான். நீ அழகா இருக்கறன்னுதான் அனுப்புனேன்.”

 மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பில் போடும்போது அவள் ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்தாள்.

“அந்தப் பக்கத்த மட்டும் மறுபடி போட்டுக் குடுங்க அண்ணி.”

திண்டிவனம் பஸ்ஸில் புது லேப்டாப்பை மேலே வைத்துவிட்டு, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.