பெட்டியில் போட்ட பெயர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை தட்டிப் பார்ப்பது. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களை ஒன்றோடொன்று தட்டி, காது கொடுத்துக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்ல சரக்கு. மொத்தென்றால் உள்ளே விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான். இதைச் செய்து செய்து எனக்கு மனுஷங்களையும் தட்டிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது என்பார் என் கணவர். எதிரே உட்கார்ந்து அதே வேலையைச் செய்பவள் என் சிநேகிதி. அவளுக்குக் கணவர் இல்லை, ஒரே மகள். சர்ச்சில் ஞாயிறு பூசையிலும் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சுதான்.

எங்கள் பங்குக் கோவிலில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு, ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில், பீடத்துக்கு முன்னால் ஒரு பெட்டி வைப்பார்கள். சாமியாராகவோ சிஸ்டராகவோ போகத் தகுந்த பிள்ளை என்று யாரை நினைக்கிறோமோ அவர் பெயரைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். எழுதுகிறவர் பெயர் வேண்டாம். இதை யோசித்தவருக்கு எங்கள் ஜனங்களைத் தெரியவே தெரியாது. சொந்தப் பிள்ளையின் பெயரை எழுதியவர் யாரையும் நான் கண்டதில்லை. துறவறத்துக்குத் தேவ அழைத்தல் பெருக வேண்டும் என்று வாரா வாரம் சத்தமாக மன்றாடுகிறோம். பக்கத்து வீட்டில் பெருகட்டும் என்பதை மனசுக்குள் சேர்த்துக்கொள்கிறோம்.

என் மகள் பிளஸ் டூ முடித்த வருடம் ஒரு சிஸ்டர் வீடு தேடி வந்தார். “உங்க பொண்ணு பேரு பெட்டியில இருந்துச்சும்மா. எங்க மடத்துல ஒரு வாரம் முகாம், வந்து பார்க்கட்டுமே” என்றார். டீ கொடுத்தேன், சிரித்தேன், எப்போது கிளம்புவார் என்று வாசலையே பார்த்தேன். என் மகள் காலேஜ் அட்மிஷனைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

சிஸ்டர் படியிறங்கியதும் என் விசாரணை தொடங்கியது. எழுதியது யார்? பாடற்குழுப் பெண்ணா? அவளுக்கு என் மகளைக் கண்டாலே ஆகாது. உபதேசியாரா? பெட்டி வைத்த அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பே சரியில்லை. சுற்றிச் சுற்றிக் கடைசியில் சந்தேகம் என் எதிரிலேயே வந்து உட்கார்ந்தது. அந்த ஞாயிறு என் சிநேகிதி என்னிடம்தான் பேனா கேட்டாள். சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். என் பேனா! தன் மகளுக்குப் போட்டியில்லாமல் போகட்டும் என்று நினைத்தாளோ? எதில் போட்டி என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் நினைத்தேன்.

கேட்கவில்லை. ஒரு வருடம் மனசிலேயே வைத்திருந்தேன். மறுபடி பெட்டி வந்ததும் அவள் மகள் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டேன். நீயும் ஒரு வாரம் தூங்காமல் கிட, அவ்வளவுதான் என் எண்ணம்.

அதே சிஸ்டர் அவள் வீட்டுக்குப் போனார். அந்தப் பெண் முகாமுக்குப் போனாள். திரும்பி வந்து, அங்கேயே சேரப்போகிறேன் என்றாள். சிநேகிதி என் வீட்டுக்கு ஓடி வந்து அழுதாள். “ஒத்தப் புள்ளடி, வுடாத. ஆள் புடிக்க வந்துட்டாங்க” என்று கத்தினேன். அது போதாதென்று அவள் மகளையே கூப்பிட்டு உட்கார வைத்து, “உன் மனச யாரு மாத்துனாங்க, சொல்லு” என்று மிரட்டினேன்.

“யாரும் மாத்தலங்க ஆண்ட்டி. ரொம்ப நாளாவே ஆசைதான். யாராச்சும் வந்து கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன்.”

தட்டிப் பார்த்துவிட்டேன். கணீரென்றுதான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

ஜூனில் அவள் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் தன் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, ஒரு டிராலி பையோடு திருச்சி பஸ்ஸில் ஏறினாள். பஸ் வேப்பூர் ரோட்டில் திரும்பி மறையும் வரை நின்றோம். சிநேகிதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“போன வருஷம் ஒம் பொண்ணு பேர எழுதிப் போட்டது நாந்தான்டி. கோச்சுக்காத. அந்தப் புள்ள மாதிரி ஒரு தங்கமான புள்ள நம்ம பங்குலயே இல்லன்னு மனசாரத்தான் எழுதுனேன். எம் பொண்ணு பேர எழுதுனவங்களும் அப்படி நெனச்சுத்தான் எழுதியிருப்பாங்க, இல்ல?”

“ஆமாடி” என்றேன். வெட்கத்தில் காது சுட்டது.

தெரிந்துதான் கேட்டாளா என்று இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தினமும் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்கிறேன். நேராகக் கேட்டுவிடலாம், ஆனால் கேட்டால் நானும் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்ததும் அவள் தனியாக இருக்கிறாளே என்று அவள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. கிளம்பும்போதெல்லாம் வாசல் வரை வருவாள். “உன்ன மாதிரி எனக்கு யாருடி இருக்குறா” என்பாள்.

அதையும் தெரிந்துதான் சொல்கிறாளோ?