லவெல் ஸ்ட்ரிப்ளிங்கின் மதகு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்து ஆற்றோரத் தாழ்நிலத்து ஓக் காட்டில் முப்பத்தோரு வருஷம் மதகு பார்த்தவர் லவெல் ஸ்ட்ரிப்ளிங். காடு அரசாங்கத்துடையது; அதாவது, ஊர் மொத்தத்துக்கும் சொந்தம். நவம்பர் பிறந்ததும் இரும்புச் சக்கரத்தைச் சுற்றி மதகை அடைப்பார். ஓடைத் தண்ணீர் மரங்களுக்கிடையே முழங்காலுக்கு மேல் பரவும். உதிர்ந்த ஓக் கொட்டைகளைத் தின்னப் பச்சைத்தலை வாத்துகள் இறங்கும். பின்னாலேயே துப்பாக்கியும் படகுமாக வேட்டைக்கு ஜனம் வரும். சர்ச் வாசலில்கூட யாரும் அவரிடம் நலம் விசாரித்ததில்லை, “தண்ணி எப்ப கட்டுவீங்க?” என்பார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

ஒரு மே மாதம், இலை அசையாத மத்தியானத்தில், பெரிய ஓக் ஒன்று தானாகச் சாய்ந்தது. லவெல் அதன் வேரைக் கட்டைவிரலால் அழுத்தினார். ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.

பரிசோதிக்க வந்த வனத்துறைப் பெண் மேரிபெத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “இலை உதிர்றதுக்கு முன்னாடியே தண்ணி கட்டிட்டோம் லவெல். மரம் இன்னும் தூங்கப் போகல. வேர் மூச்சுத் திணறிப்போச்சு. வருஷா வருஷம் இதையே பண்ணியிருக்கோம்.”

“பண்ணியிருக்கோம் இல்லம்மா. நான் பண்ணியிருக்கேன்.”

இலை உதிரும்வரை மதகை அடைக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. மனைவியின் தம்பி டூயி வாசலிலேயே மறித்தான்.

“சாவி உன் இடுப்புலதானே தொங்குது மச்சான்? நாலு சுத்து சுத்தினா யாருக்குத் தெரியப்போவுது?”

“மரம் சாவுது டூயி.”

“நூறு வருஷமா நிக்கிற மரம், கரெக்டா இந்த நவம்பர்லதான் சாவுமாக்கும்!”

நவம்பர் பிறந்தும் லவெல் சுற்றவில்லை. யாரோ அவருடைய வண்டி டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். காப்பிக் கடையில் அவர் உட்கார்ந்த மேசையில் மற்றவர்கள் உட்காரவில்லை.

இரண்டே வாரத்தில் வடக்கே கொட்டிய மழையில் ஆறு பொங்கியது. திறந்து கிடந்த மதகு வழியாகவே தண்ணீர் எதிர்த்து ஏறி, பச்சை மாறாத மரங்களுக்குள் புகுந்தது. லவெல் ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்தார். பிடித்தாரே தவிர, சுற்றவில்லை. கரையின் இரு பக்கமும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, எதை அடைப்பது?

டூயி படகில் கைகொட்டிக்கொண்டு வந்தான். “பாத்தியா மச்சான்! நீ அடைக்கலைன்னா என்ன, ஆண்டவன் கட்டிட்டான் தண்ணி!”

லவெல் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதோடு சரி.

அந்தத் தண்ணீர் ஜூன் வரை வடியவில்லை. வடிந்ததும், பட்டுப்போன மரங்களுக்கு அடையாளம் போடும் வேலை லவெலுக்கே வந்தது. சேற்றில் நடந்து ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு வளையம் இட்டார். டூயி அப்பா காலத்திலிருந்து வேட்டையாடும் திட்டில், மூன்றாம் நாள், அவனே எதிரே வந்தான். சுற்றிலும் பார்த்தான்.

“இங்க எத்தனை?”

“தேறுறது ரெண்டு.”

டூயி தொப்பியைக் கழற்றினான். “இப்ப என்ன பண்றது மச்சான்? சொல்லு, வந்து செய்யறேன்.”

இத்தனை வருஷத்தில் அவன் அவரிடம் அப்படிப் பணிந்து கேட்டதில்லை. லவெல் இன்னொரு பெயிண்ட் டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.