காபி டப்பாவில் ஒரு மீன்

உயிரியல் டீச்சர் ஆர்லிஸ் ஹௌகனின் வகுப்பறையில் ஒரு சவப்பெட்டி இருந்தது. பார்வைக்கு அது பழைய காபி டப்பாதான். பத்தாம் வகுப்பு உயிரியல் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டம்பரிலும் தாங்கள் ஆராயப்போகும் கேள்வியைத் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடவேண்டும். வெள்ளிக்கிழமை அவள் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிப்பாள். எழுதியவர் எழுந்து நிற்கவேண்டும். சோதித்துப் பார்க்கவே முடியாத கேள்வி என்றால் வகுப்பு மொத்தமும் "செத்துப்போச்சு!" என்று கத்தும், சீட்டு டப்பாவுக்கே திரும்பும். உயிருள்ள கேள்வி என்றால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். அதை அவள் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பாள். உயிரோடு இருப்பதற்குப் பரிசு ஊசிக் குத்து என்பதில் அங்கே யாருக்கும் வியப்பு இருந்ததில்லை.

அவளுடைய ஆயுதம் ஒரே வாக்கியம். "உன் பதில் தப்புன்னா, அது உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரு வருஷம் டிராவிஸ் என்ற பையன், நாய்க்கு நம்மேல் உண்மையிலேயே பாசம் உண்டா என்று எழுதியிருந்தான்.

"பாசத்தை எதால அளப்பே தங்கம்? ஸ்கேலாலயா, தராசுலயா?"

வகுப்பு கத்தியது. பையன் நின்றபடியே அழுதான். அவன் நாயை அந்த வாரம்தான் புதைத்திருந்தார்கள் என்று பிறகு ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள். "அதனால கேள்வி மாறிடுமா?" என்று கேட்டுவிட்டு ஆர்லிஸ் காபியை முடித்தாள். மாறாதுதான். அவளிடம் இருந்த தொல்லையே அதுதான்: பெரும்பாலும் அவள் சொன்னது சரியாக இருந்தது. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் போகும் பஸ் வருஷாவருஷம் பரிசு ரிப்பன்களோடு திரும்பியது. அவளிடம் அழுதவர்கள் வளர்ந்து, தலை நரைத்து, கடைத்தெருவில் யாராவது அசட்டுத்தனமாக எதையாவது கேட்டால் "செத்துப்போச்சு!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பட்ட அவமானத்தை அந்த ஊர் பாசம் என்று நினைவில் வைத்திருந்தது. அதை எதால் அளப்பது என்று அவளும் கேட்கவில்லை.

கணவன் டுவெய்ன் தூண்டில் புழுவும் படகு இன்ஜினும் விற்கிறவன். கல்யாணமான புதிதில் ஒருநாள், "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு ஆர்லிஸ்" என்றான். "பிடிக்காமப் போனா நான் அதை எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் அதைச் சொல்லவில்லை. குடித்தனம் மட்டும் ஓடியது.

வடக்கு மின்னசோட்டாவின் அந்த ஏரிக்கரை ஊருக்குச் சோறு போட்டது, பாஸ் என்ற ஏரி மீனைத் தூண்டிலில் பிடிக்கும் பந்தயம். பிடித்த மீனைப் படகுத் தொட்டியில் உயிரோடு கொண்டுவந்து, எடை போட்டு, தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்ப ஏரியில் விட்டுவிட வேண்டும். 'எல்லா மீனும் வீட்டுக்குப் போகும்' என்று படகுத்துறையில் பெரிய பேனர். வாசகம் டுவெய்னுடையது. பந்தயத்தை நடத்துகிறவனும் அவன்தான்.

மீன்கள் போன வீடு ரஹ்கோலா குடும்பத்து வீடு. அது காற்று அடித்து ஒதுக்கும் வளைகுடாவில் இருந்தது. ஒவ்வொரு பந்தயம் முடிந்து சில நாளில் வயிறு வெளுத்த பாஸ் மீன்கள் அங்கே வந்து ஒதுங்கும். வாருகோலால் அவற்றை வாரிக் குழியில் தள்ளுவது மகள் டாராவின் வேலை. அவள் அந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

முதல் வெள்ளிக்கிழமை அவள் எழுதிப் போட்டது: மீனுக்கு வலிக்குமா?

"மீனைக் கூப்பிட்டுக் கேளுடி ரஹ்கோலா!" என்றான் பின்வரிசையில் கோடி. ஏரிக்கரையில் வாடகைக் குடில்கள் வைத்திருக்கிறவரின் மகன். வகுப்பு சிரித்துக் கத்தி முடித்தது.

அடுத்த வெள்ளி: பந்தயம் மீன்களுக்குக் கெடுதலா?

"கெடுதல்னா என்ன கலரு? எவ்வளவு நீளம்?" என்றாள் ஆர்லிஸ். அதுவும் செத்தது.

அன்று பள்ளி விட்ட பிறகு டாரா வாசலில் வந்து நின்றாள். "மிஸஸ் ஹௌகன், கொல்றீங்க சரி. எப்படிப் பொழைக்க வைக்கிறதுன்னு சொல்லமாட்டேங்கிறீங்களே."

இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை. ஆர்லிஸ் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"கண்ணால என்ன பார்த்தே, அதை மட்டும் சொல்லு."

"செத்த மீன்."

"ஏரியில எப்பவுமே மீன் சாகும்."

"பந்தயத்துக்கு அப்புறம் அதிகமாச் சாகுது."

"எதைவிட அதிகமா?"

 டாரா மெதுவாக, "பந்தயத்துக்கே போகாத மீனைவிட" என்றாள். ஆர்லிஸ் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினாள். அதற்குமேல் இருவரும் மாறிமாறிப் பிய்த்தெடுத்தார்கள். எடை போட்டு விட்ட மீன்களை ஏரியிலேயே வலைக்கூண்டில் வைத்துப் பார்க்கலாம். அவை கூண்டாலேயே செத்திருக்கும் என்று எவனாவது சொல்வானே? சொல்வான். அதனால் தொட்டியும் தராசும் காணாத மீன்களை வலைபோட்டுப் பிடித்து, இன்னொரு கூண்டில், அதே தண்ணீரில். மீன்வள அதிகாரியிடம் அனுமதி வாங்கித் தருவதாக ஆர்லிஸே சொன்னாள்.

கடைசியில் சீட்டில் இப்படி நின்றது: 'பந்தயத்தில் எடை போட்டு விட்ட பாஸ் மீன்கள், பந்தயத்துக்குப் போகாத பாஸ் மீன்களைவிட ஒரு வாரத்துக்குள் அதிகம் சாகின்றனவா?'

"தப்புன்னா?" என்றாள் ஆர்லிஸ்.

"ரெண்டு கூண்டுலயும் ஒரே மாதிரி சாகும். நான் வாயை மூடிக்குவேன்."

ஆர்லிஸ் கண்டதிலேயே அதிக உயிருள்ள கேள்வி அது. பாதியைப் பெற்றவள் அவளே.

ராத்திரிச் சாப்பாட்டில், ஓவனிலிருந்து எடுத்த மாட்டிறைச்சி உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டபடி அந்தச் சந்தோஷத்தை டுவெய்னிடம் சொல்லிவிட்டாள். சந்தோஷம் அவளுக்குப் பழக்கமில்லாதது. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டுவெய்ன் மென்றுகொண்டே கேட்டான். "ரஹ்கோலா பொண்ணுக்கு இவ்வளவு மூளை ஏது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நான்தான்."

"நல்லாருக்கு. உங்க ஸ்கூல் ஜிம் கூரை யாரு போட்டது? பேண்டு வாசிக்கிற பிள்ளைங்க யூனிஃபார்ம்? பந்தயக் காசு போட்டது."

"மீன் சாகலைன்னா உனக்கு என்ன பயம்?"

"பாக்காத வரைக்கும் சாகலை. அம்புட்டுதான்." அவன் கெச்சப்பை எடுத்தான். "இந்தச் சீசன் கடைசிப் பந்தயம் வருது. நீ எதுக்கு இவ்வளவு யோசிக்கிறே? கேள்வியைக் கொல்றது உனக்குக் கைவந்த கலையாச்சே. இதையும் கொன்னுடு."

உலகத்தில் வேறு யார் 'பாக்காத வரைக்கும் சாகலை' என்று சொல்லியிருந்தாலும் ஆர்லிஸ் அவனை எழுப்பி நிற்க வைத்திருப்பாள். உப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை டாரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், புதுச் சட்டையில். சுவரில் தன் சீட்டுக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

ஆர்லிஸ் படித்தாள். டாரா எழுந்து நின்றாள். வகுப்பில் சத்தமே இல்லை. அவர்களை ஆர்லிஸ் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாள். உயிருள்ளதைக் கண்டால் அவர்களுக்குத் தெரியும். குண்டூசியை எடுப்பதற்குப் பதில் அவள் தொண்டையைச் செருமினாள்.

"கூண்டுல அடைச்சா மீன் கூண்டாலயே சாகலாம்."

"அதுக்குத்தான ரெண்டாவது கூண்டு, மிஸஸ் ஹௌகன்" என்றாள் டாரா. அவளுக்கு இன்னும் புரியவில்லை. டீச்சர் தன்னைச் சோதிக்கிறாள் என்றே நினைத்துச் சிரித்தாள். "நீங்களே சொன்னீங்களே."

ஆர்லிஸ் சீட்டை மடித்தாள். "வகுப்பு என்ன சொல்லுது?"

இதை அவள் ஒருபோதும் கேட்டதில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தயத்துக்கு வருகிறவர்களை நம்பிப் பாதிப் பேர் வீட்டில் குடில் வாடகை, மீதிப் பேர் வீட்டில் படகு, பெட்ரோல், பர்கர். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், 'இது எங்க செத்துது?' என்று கேட்டால் குண்டூசியை எடுத்துவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். தான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பதினைந்து வயதுக் குழந்தை நிற்கும் என்று எதிர்பார்த்தாள்.

"செத்துப்போச்சு" என்றான் கோடி, சாதாரணமாக.

"செத்துப்போச்சு!" என்றது வகுப்பு. வழக்கத்தைவிடச் சத்தமாக.

"எங்க தப்பு?" என்றாள் டாரா. "என்ன தப்புன்னு சொல்லுங்க, திருத்திடறேன்."

"அடுத்தது" என்றாள் ஆர்லிஸ். சீட்டு டப்பாவில் விழுந்தது.

டாரா உட்காரவில்லை. நின்றபடியே ஒரு தாளைக் கிழித்து, ஏதோ கிறுக்கி, மேசைக்கு வந்து நீட்டினாள். 'எந்தக் கம்பெனி பேப்பர் டவல் அதிகம் தண்ணீர் உறிஞ்சும்?' மாற்ற ஒன்று, அளக்க ஒன்று, தப்பானால் தெரிந்துகொள்ள வழி. எல்லாம் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆர்லிஸ் அதைச் சுவரில் குத்தினாள். ஊசி சுலபமாக இறங்கியது.

மாவட்டக் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைத்தது. டுவெய்ன் கண்காட்சிக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவன் என்ற முறையில் பிள்ளைகளுக்கு டோனட் வாங்கிக் கொடுத்தான். சொட்டிக்கொண்டிருந்த டவல்களுக்கு முன்னால் நடுவர் குனிந்து, எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பதை டாராவிடமும் கேட்டார்.

"உன் பதில் தப்பா இருந்திருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆகாது சார். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதுக்குத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன்." டாரா பக்கத்தில் நின்றவளைக் காட்டினாள். "கேள்வியை எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு மிஸஸ் ஹௌகன்தான் கத்துக்குடுத்தாங்க."

நடுவர் வாய்விட்டுச் சிரித்தார். இப்படி ஒரு மாணவியைத் தயார் செய்ததற்காக ஆர்லிஸின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார்.